வேலியை அறியாத சிறுவன்

ஜான் பாயின் 2006-இல் எழுதிய ‘தி பாய் இன் தி ஸ்ட்ரைப்ட் பைஜாமாஸ்’ என்னும் சிறுவர் நாவலைப் பற்றி நல்லம்பள்ளியில் கூடிப் பேசியபோது நண்பர் பலர் கண்கலங்கினர். நாம் கலங்கவில்லை, சினந்தோம்.

வதைமுகாம் தளபதியின் ஒன்பது வயது மகன் புரூனோவுக்கு யூதர் எவரென்றே தெரியாதாம்! நாஜிப் பள்ளிகளோ யூத வெறுப்பைப் பாடமாகவே புகட்டின. ஆஷ்விட்சுக்குக் கொண்டுவரப்பட்ட சிறார் ஏறத்தாழ 2,32,000 பேர். பெரும்பாலோர் வந்திறங்கியதுமே நச்சுவாயுவுக்கு இரையாயினர். ஷ்முவேலைப் போல வேலியோரம் அமர்ந்து கதைபேச அவர்களுக்கு வாய்க்கவில்லை. நூலின் முடிவு வாசகரை அழவைப்பதும் தளபதி மகனுக்காகவே. இவ்வரலாற்றைக் கற்போரும் கற்பிப்போரும் இந்நூலைத் தவிர்க்க வேண்டுமென 2020-இல் ஆஷ்விட்ஸ் நினைவகமே கூறிற்று.

“குழந்தைக் கதைதானே” என்பார்க்கு ஒன்று சொல்வோம். நம் பக்கத்துப் பிள்ளைகள் எழுத்தறியுமுன்பே ஊர் எது, காலனி எது என்று அறிந்துவிடுகின்றனர்; அறிவித்தவர் நாமே. இம்மாவட்டத்தின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகள் 2012 நவம்பர் 7 அன்று எரிக்கப்பட்டன. எரித்தவர் வீட்டுப் பிள்ளை ஏதுமறியாதவன் என்று தொடங்கி, அவனுக்காகவே அழச்சொல்லும் கதையை நத்தத்துப் பிள்ளையிடம் நீட்ட நமக்கு நெஞ்சு துணியுமா?

ஆன் பிராங்கும் சிறுமிதான். தன்னைச் சூழ்ந்தது இன்னதென்று அறிந்தே எழுதினாள். அவள் நாட்குறிப்பைப் பிள்ளைகள் கையில் கொடுப்போம். அறியாமையைக் களங்கமின்மை என்று கற்பிப்பது இலக்கியமன்று. பெரியவர்கள் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ளும் மன்னிப்பு.