வடிவமைப்பாளருக்கு உரிய இடம்

அரசாங்கம் புதிய சாதனம் ஒன்றை உருவாக்கக் குழு அமைக்கும்போது விஞ்ஞானியும் எஞ்சினீயரும் கணக்கு அதிகாரியும் முதலில் இடம் பெறுகின்றனர். வடிவமைப்பாளரோ, வேலை முடிந்த பின்னர் மேலுறைக்கு மெருகிடுபவராகவே பெரும்பாலும் கருதப்படுகிறார். இக்கருத்து தவறானது என்பதற்கு நம் நாட்டு எலெக்ட்ரானிக் வாக்குப்பதிவு யந்திரமே தக்க சான்றாகும்.

1982-ஆம் ஆண்டில் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச் சாவடிகளில் இத்தகைய யந்திரம் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. வாக்குகளைப் பிழையின்றி எண்ணுவது மட்டும் அதற்குப் போதாது. எழுத்தறியாத மூதாட்டியும் பிறர் துணையின்றி வாக்களிக்க வேண்டும். மின்னணுவியல் பயிலாத பள்ளி ஆசிரியரும், சாவடி அலுவலராக அமரும் நாளில், அதனைத் தடுமாறாமல் இயக்க வேண்டும். மின்சாரம் எட்டாத சிற்றூரிலும் அது வேலை செய்ய வேண்டும். பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தொழில் வடிவமைப்பு மையத்து ஆசிரியர்கள் இப்பணிக்கு வரவழைக்கப்பட்டது பொருத்தமே.

இந்த யந்திரம் இரு பகுதிகளாக அமைந்துள்ளது. ஒன்று அலுவலரிடம் இருக்கும். மற்றது மறைவிடத்தில் வாக்காளர் முன் இருக்கும். 5 மீட்டர் நீளமுள்ள கம்பிவடம் இரண்டையும் இணைக்கிறது. வேட்பாளரின் பெயருக்கும் சின்னத்துக்கும் நேராக நீலப் பொத்தான் உள்ளது. அதனை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிகிறது. வாக்குப் பதிவானதை ஓர் ஒலி அறிவிக்கிறது. யந்திரம் இயங்க பாட்டரியே போதும். இவை அலங்காரங்கள் அல்ல. பயன்படுத்துவோரை மனத்திற் கொண்டு எடுத்த முடிவுகள்.

எனினும் ஒரு குறை நெடுநாள் நீடித்தது. பார்வையற்றோர் விரலால் தடவி அறியும் பிரெயில் எண்கள், 2004-இல் ஆஸிப்நகர் இடைத்தேர்தலில்தான் சோதனை செய்யப்பெற்றன. பயன்படுத்துவோரில் ஒரு சாராரைத் தொடக்கத்தில் மறந்தால், அதனைச் சரிசெய்யப் பல்லாண்டுகள் கழியும் என்பதே இதன் படிப்பினை.

வடிவமைப்பாளரைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் காலமும் செலவும் கூடும் எனச் சிலர் கூறுவர். பல்லாயிரம் சாதனங்களைச் செய்து முடித்தபின் மாற்றுவதே பெருஞ்செலவு என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆதலின், குழுவின் முதற் கூட்டத்திலேயே அவருக்கு இடமளித்தல் அவசியம்.

ஆனால் அவருக்கு வேண்டிய செய்திகள் தலைநகரில் கிடைப்பதில்லை. மக்களின் கை எங்கே தயங்கியது, எக்கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டனர் என்பதைக் கள ஊழியரும் ஆசிரியருமே நேரிற் காண்கின்றனர். அவர்கள் எழுதும் சிறு குறிப்பும் குழுவைச் சென்றடைய வழிசெய்வது அரசாங்கத்தின் கடமையாகும்.