திறப்பு யார் கையில்?

தானங் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர் நம் முன்னோர். கொடுத்தவர் மனம் நோகலாகாது என்னும் நல்லெண்ணத்தால் எழுந்த பழமொழி அது. ஆயினும், இந்நாளில் இலவசமாகக் கிடைக்கும் பொருள்களுள் ஒன்றையேனும் பல்லைப் பிடித்துப் பார்த்த பின்னரே தொழுவத்திற் கட்டுதல் வேண்டும் என்பது நமது துணிபு. மின்னஞ்சற் பெட்டியே அப்பொருள்.

வலிகாமத்திலிருந்து தாயார் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். அவருடைய மூத்த மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டான். பல்கலைக்கழக அனுமதிக்கும் வேறு கற்கைநெறிகளுக்கும் இனி விண்ணப்பங்கள் அனுப்பவேண்டும். ஒவ்வொரு விண்ணப்பமும் மின்னஞ்சல் முகவரி யாதென்று கேட்கிறது. "அயல்வீட்டுத் தம்பி ஒன்றைச் சொல்லுகிறார்; கனடாவில் இருக்கும் என் தமையனார் வேறொன்றைச் சொல்லுகிறார். எல்லாம் இலவசந்தான் என்கிறார்கள். எதைத் தெரிந்தெடுப்பது ஐயா?" என்பது அவருடைய வினா.

வினா சிறிதுபோலத் தோன்றினும் விடை சிறிதன்று. அதனைக் கூறுமுன் நமது மாணவன் ஒருவனுக்கு நேர்ந்ததைக் கூறிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்றவன் அவன். தந்தையை இழந்தவன்; தாயார் தையல் வேலை செய்து அவனை வளர்த்தார். கணிதத்தில் அவ்வகுப்பில் அவனுக்கு நிகரில்லை. சாதாரண தரப் பரீட்சை முடிந்த விடுமுறையில், பஸ் நிலையத்தடியில் இருந்த ஒரு கொமினிகேஷன் கடைக்குச் சென்று மின்னஞ்சற் பெட்டி ஒன்றை உண்டாக்கிக்கொண்டான். கடையில் நின்ற இளைஞரே யாவற்றையும் செய்து கொடுத்தார். மாணவனிடம் கைத்தொலைபேசி இல்லாமையால் கடையின் இலக்கத்தையே பதிந்தார். கடவுச்சொல்லையும் தாமே அமைத்து, ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தார். அவன் அதனை அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்தான்.

ஈராண்டு கழிந்தது. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு பெற்று, ஒரு புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தான். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு அந்தப் பெட்டிக்கு வந்தது. கொப்பியோ பழைய கடதாசியோடு கடலைக் கடைக்குப் போய்விட்டது. மறந்த கடவுச்சொல்லை மாற்ற முயன்றால், பதிந்த இலக்கத்திற்கு ஓர் இரகசியக் குறியீடு அனுப்பப்படும் என்றது கணினி. கடை மூடப்பட்டிருந்தது; அதன் இலக்கம் யாரோ ஒருவர் கைக்கு மாறியிருந்தது. அவன்தான் அவன் என்பதை அவன் ஊரே அறியும். அந்த இயந்திரத்திற்கு அதனை மெய்ப்பிக்க அவனிடம் ஒரு சான்றும் இல்லை. விசாரித்து அறிந்து அவன் கொழும்புக்குப் புறப்பட ஆயத்தமானபோது நேர்முகப் பரீட்சை முடிந்து நான்கு நாள்களாகிவிட்டன.

அவனுக்குத் தேற்றரவு கூற நமக்குச் சொல் அகப்படவில்லை. வகைநுண்கணிதம் முழுவதையும் அவனுக்குக் கற்பித்த நாம், தன் அஞ்சற் பெட்டியின் திறப்பைத் தன் கையில் வைத்திருத்தல் வேண்டும் என்னும் ஒரு வார்த்தையைக் கற்பித்தோமில்லை.

ஆகவே எந்தச் சேவை சிறந்தது என்று கேட்போர், முதலில் மூன்று வினாக்களைக் கேட்டல் நலம். முத்திரைச் செலவை யார் கொடுக்கிறார்? திறப்புத் தொலைந்தால் என்ன வழி? வீடு மாற நேர்ந்தால் கடிதங்களை எடுத்துச் செல்லலாமா?

முதல் வினாவை நோக்குவோம். தபாற் கந்தோரில் ஒரு கடிதத்தைச் சேர்ப்பிக்க நாம் முத்திரை ஒட்டுகிறோம். மின்னஞ்சலுக்கு முத்திரை இல்லை. முன்னாளில் மின்னஞ்சல் முகவரியானது தொழில் பார்க்கும் நிறுவனத்தாலேனும் பணம் பெற்று இணையத் தொடர்பு கொடுக்கும் கம்பனியாலேனும் வழங்கப்பட்டது. அந்தத் தொடர்பு அறுந்தால் முகவரியும் போய்விடும். 1996ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி சபீர் பாட்டியா, ஜாக் ஸ்மித் என்னும் இருவர் அமெரிக்காவில் தொடங்கிய ஹொட்மெயில் அந்நிலையை மாற்றியது. இணையம் உள்ள எந்த இடத்திலிருந்தும், எவரும், காசின்றி ஒரு பெட்டியைத் திறந்து பார்க்கலாமென்று ஆயிற்று. பெட்டியின் கொள்ளளவு இரண்டு மெகாபைற் மாத்திரமே. இன்றைய கைத்தொலைபேசி எடுக்கும் ஒரு படத்தைக்கூட அதில் வைத்தல் அரிது. அடுத்த ஆண்டின் இறுதியில் மைக்ரோசொப்ட் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. இன்று அவுட்லுக் என்னும் பெயரில் வழங்குவது அதன் வழிவந்ததே.

பின்னர் 2004ஆம் ஆண்டு ஏப்பிரில் முதலாந் திகதி கூகிள் நிறுவனம் ஜிமெயிலை அறிவித்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கிகாபைற் இடம் என்றபோது, அது முட்டாள்கள் தினத்து வேடிக்கை என்றே பலர் எண்ணினர். வேடிக்கையன்று, மெய்யே. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. கடிதத்தில் உள்ள சொற்களை இயந்திரம் படித்து, அவற்றுக்கேற்ற விளம்பரத்தைப் பக்கத்திற் காட்டியது. விளம்பரத்தின் பொருட்டு இவ்வாறு படிப்பதை நிறுத்துவதாகக் கூகிள் 2017இல் அறிவித்தது. எனினும் விளம்பரங்கள் நின்றபாடில்லை. வேறு வழிகளில் நம்மைப்பற்றி அறிந்தவற்றைக் கொண்டு அவை காட்டப்படுகின்றன. முத்திரைச் செலவைக் கொடுப்பவர் விளம்பரகாரர் என்பது இதனால் விளங்கும். இதிற் சூது ஒன்றுமில்லை. வானொலியை நாம் கேட்பதும் இம்முறையிலேதான். ஆனால் அறிந்து செய்தல் வேறு, அறியாது செய்தல் வேறு.

விளம்பரமின்றி இலவசப் பெட்டி தருவாரும் உளர். சுவிற்சலாந்திலுள்ள புரோட்டன் மெயில் அத்தகையது. ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையமாகிய சேர்னிற் சந்தித்த விஞ்ஞானிகள் சிலர் 2014இல் அதனைத் தொடங்கினர். காசு கொடுத்துப் பெரிய பெட்டி வாங்குவோரின் பணத்தால் இலவசக்காரரின் சிறிய பெட்டியும் நடைபெறுகிறது. உள்ளிருக்கும் கடிதங்களை அந்நிறுவனத்தாரே படிக்கமுடியாதபடி அவை பூட்டப்பட்டுள்ளன. இலவச இடம் ஒரு கிகாபைற் அளவே.

இரண்டாம் வினாவுக்கு வருவோம்: திறப்புத் தொலைந்தால் என்ன வழி? இங்கே ஒரு முரண்பாடு தோன்றும். பூட்டு எவ்வளவு வலிதோ அவ்வளவுக்குத் திறப்பைத் தொலைத்தவன் பாடு கடினம். புரோட்டனிற் கடவுச்சொல்லை மறந்து புதியது அமைப்பவர், மீட்புச் சொற்றொடர் போன்ற ஏற்பாட்டை முன்னரே செய்து வைத்திராவிடின், பெட்டி திறந்தாலும் பழைய கடிதங்களைப் படிக்க இயலாது. கூகிளும் மைக்ரோசொப்டும் மாற்று இலக்கம், மாற்று மின்னஞ்சல் என்பவற்றைக்கொண்டு உரியவரை மீண்டும் உள்ளே விடுகின்றன. ஆனால் அந்த இலக்கம் நம்முடையதாய் இருந்தால் மாத்திரமே அது பயன்படும். நமது மாணவன் தோற்றது இவ்விடத்திலேதான்.

பூட்டைப் பற்றிப் பேசும்போது கள்வரையும் மறத்தலாகாது. யாகூ நிறுவனத்தில் 2013இல் ஒரு பெருந் திருட்டு நிகழ்ந்தது. அங்கிருந்த கணக்குகள் யாவும், அதாவது முந்நூறு கோடி கணக்குகளின் விபரங்கள், அதிற் சிக்கின என்பதை அந்நிறுவனம் முழுமையாக வெளிப்படுத்தியது 2017இலேதான். பெரிய நிறுவனமென்பதனாற் களவு நேராதென்று எண்ணற்க. ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களிற் பாவித்தவருக்கு அத்தகைய களவு ஓர் அறையோடு நில்லாது. வீட்டின் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடும். கடவுச்சொல்லோடு கைத்தொலைபேசியிலும் ஒரு சான்று கேட்கும் ஈரடுக்குப் பாதுகாப்பை இப்பெருஞ் சேவைகள் யாவும் காசின்றியே தருகின்றன. அதனைத் தொடக்க நாளிலேயே பூண்டுகொள்ளல் வேண்டும்.

மூன்றாம் வினா, வீடு மாறுவது பற்றியது. பழைய விலாசத்துக்கு வரும் தபாலைப் புதிய விலாசத்துக்குத் திருப்பிவிடுமாறு தபாலதிபரிடம் சொல்லிச் செல்வது நம் வழக்கம். ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் இவ்வாறு திருப்பிவிடல் இலவசமாகவே கிடைக்கிறது. யாகூ 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலவசக்காரருக்கு அதனை நிறுத்திவிட்டது. இன்னும், கூகிளிற் கடிதங்கள் யாவற்றையும் ஒருங்கே பெயர்த்தெடுத்து நமது கணினியில் வைத்துக்கொள்ளவும் வசதியுண்டு.

இவ்வினாவின் அருமையை நாம் பட்டே அறிந்தோம். பேராதனையிற் பயின்ற காலத்தில், கண்டி நகரத்து இணையக் கடையொன்றில் மணிக்கணக்கிற் காசு கொடுத்து, அந்நாளைய இலவச சேவை ஒன்றில் நமது முதற் பெட்டியைத் திறந்தோம். புலம்பெயர்ந்து சென்ற அண்ணர் அதற்கு எழுதுவார். தமிழெழுத்துப் பொருந்தாத காலமாதலால் தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதுவார். தம் குளிரையும் தனிமையையும் மறைத்து, நமது பரீட்சையைப் பற்றியே வினவுவார். பின்னர் நாம் வேறு சேவைக்கு மாறினோம். பழைய பெட்டியை மறந்தோம். அண்ணர் காலமான ஆண்டில் அதனைத் தேடிப் போனபோது, நெடுநாட் பாவிக்காமையால் உள்ளிருந்தவை அழிக்கப்பட்டன என்ற ஒரு வரி மாத்திரமே நம்மை வரவேற்றது. நிறுவனத்தை நோவதற்கில்லை, ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டே இருந்தது. தந்தையார் எழுதிய கடிதங்கள் நமது இறங்குப்பெட்டியில் இன்றும் உள்ளன. அண்ணர் எழுதியவற்றில் ஒன்றுகூட இல்லை.

கூகிளும் 2023 டிசெம்பர் தொடக்கம், ஈராண்டு பாவிக்கப்படாத தனியார் கணக்குகளை அழிக்கலாமென்னும் விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. ஆண்டுக்கு ஒரு தைப்பொங்கலிலேனும் பழைய பெட்டிகளைத் திறந்து பார்த்தல் நன்று.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜிமெயில் தருவது பதினைந்து கிகாபைற். ஆனால் கைத்தொலைபேசியிலிருந்து அங்கே சேரும் படங்களும் கோப்புகளும் அதனுள்ளேயே அடங்கும். திருமண வீட்டுப் படங்களால் அது நிரம்பிவிட்டால், வரவேண்டிய கடிதம் உள்ளே வராது. அவுட்லுக்கிற் கடிதங்களுக்குப் பதினைந்து, கோப்புகளுக்கு ஐந்து. கடிதத்தோடு இணைந்து வருபவை அந்த ஐந்திலும் கணக்கிடப்படும். எதுவாயினும், விண்ணப்பங்களுக்கென வைத்த பெட்டியைப் படக் களஞ்சியமாக்காதிருத்தல் தகும்.

இனி அத்தாயாருக்கு நமது விடை.

அம்மா, தங்கள் மகனுக்கு ஜிமெயில், அவுட்லுக் இரண்டில் எதுவும் போதுமானது. நெடுநாள் நிலைத்தவை; தொலைந்த திறப்பை மீட்க வழியுள்ளவை; எடுத்துச் செல்ல இடங் கொடுப்பவை. தனிப்பட்ட அந்தரங்கத்தைப் பெரிதாக மதிப்பவன் பின்னொரு காலத்திற் புரோட்டனில் இரண்டாவது பெட்டி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பாடசாலையோ தொழிலிடமோ கொடுக்கும் முகவரியை வாழ்நாள் முகவரியாகக் கொள்ளாதிருக்கட்டும். அங்கிருந்து விலகும் நாளில் அதுவும் விலகிவிடக்கூடும்.

பெட்டியைத் தங்கள் வீட்டிலேயே, தங்கள் கண்முன் அவன் உண்டாக்கட்டும். முகவரியில் விளையாட்டுப் பெயர் வேண்டாம். நண்பர் சிரிக்கும் பெயரை நேர்முகப் பரீட்சகரும் படிப்பார். நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒருவாறு எழுதுவர். தேசிய அடையாள அட்டையில் உள்ளவாறே எழுதுக. மீட்பு இலக்கமாகத் தங்களுடைய கைத்தொலைபேசி இலக்கத்தையும், மாற்று மின்னஞ்சலாகத் தமையனாருடையதையும் பதிக. ஈரடுக்குப் பாதுகாப்பைப் பூணும்போது, கைத்தொலைபேசி தொலைந்தால் உதவும் மாற்றுக் குறியீடுகளையும் பெறலாம். கூகிள் பத்துத் தருகிறது. அவற்றைக் கடதாசியில் எழுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருக்கும் உறையில் வைத்துப் பூட்டுக. தொலைபேசி இலக்கம் மாறும் நாளில், பெட்டியிலும் அதே நாளில் மாற்றுக.

நமது மாணவன் கதை முற்றாகத் துன்பத்தில் முடிந்ததன்று. அவன் அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தான். அந்தப் புலமைப்பரிசில் கிடைக்கவில்லை. உள்நாட்டுப் பல்கலைக்கழகத்திற் பயின்று, இப்போது ஆசிரியனாக இருக்கிறான். சென்ற தவணை விடுமுறையில் நம்மைக் காண வந்தவன், தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதற் பாடமாக என்ன கற்பிக்கிறான் என்று கூறினான். நாம் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மதிய போசனத்தின்பின் வீட்டில் எல்லோரும் கூடியிருப்பீர்கள். பிள்ளையை அருகில் அழைத்து, அவனுடைய பெட்டியில் மீட்பு இலக்கமாகப் பதிந்திருப்பது யாருடையதென்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உடனே அவன் விடை சொல்லாவிடின், அவ்வினாவோடு இருவரும் கணினி முன் அமருங்கள்.