தபாற்பெட்டியும் ருசுவும்

கடிதத்தைத் தபாற்பெட்டியின் வாய்க்குள் விட்ட கணமே தங்கள் கடமை தீர்ந்துவிட்டதென்றும், அப்புறம் அது காணாமற்போனால் பழி சர்க்காரின் தலையில் விடியுமென்றும் அயர்லாந்துக் குடியானவர்களில் பலர் கொண்டிருந்த நம்பிக்கையைவிட, பண்ணை மானிய விஷயத்தில் அவர்களுக்கு அதிக நஷ்டம் விளைவித்த அபிப்பிராயம் வேறொன்று இருந்திருக்குமோ என்பது சந்தேகமே.

இதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1817 செப்டம்பர் 2ஆம் தேதி, இங்கிலாந்தில் ஆட்டு ரோமம் விற்கும் வியாபாரிகள் பிராம்ஸ்குரோவ் ஊர் நெசவு முதலாளிகளுக்கு விலை சொல்லி எழுதிய கடிதம், விலாசத்தில் ஜில்லாவின் பெயர் பிசகியதால் 5ஆம் தேதி மாலைதான் போய்ச் சேர்ந்தது. அன்றே போடப்பட்ட சம்மதக் கடிதம் 9ஆம் தேதி வந்தபோது, சரக்கோ முந்திய நாளே வேறொருவருக்கு விலைபோயிருந்தது. தபாலில் சேர்த்தபோதே ஒப்பந்தம் பூர்த்தியாயிற்று என்று 1818இல் தீர்ப்பாயிற்று. தாமதத்துக்குக் காரணமான பிசகு விற்றவர்களுடையதே என்பதை மறந்துவிட்டு, இரு வியாபாரிகளுக்கிடையே சொன்ன விதியை மானிய மனுவுக்குப் பொருத்துவது, மாட்டின் மூக்கணாங்கயிற்றைக் குதிரைக்குப் பூட்டுவது போன்றதாகும்.

மனுவோ போய்ச் சேரவேண்டிய வஸ்து. 2015இல் தொடங்கி 2022இல் முடிந்த அடிப்படை மானியத் திட்டத்தில் பொதுவாகக் கெடு மே 15ஆக இருந்தது. அதற்குப் பிந்திய ஒவ்வொரு வேலைநாளுக்கும் தொகையில் 1 சதவீதம் குறைந்தது. 25 நாட்கள் கடந்த மனுவுக்கு அந்த ஆண்டில் ஒரு காசும் கிடைக்கவில்லை. இந்நிலையில், பெட்டியில் போட்டதை நம்பி வைக்கோலும் கறவையுமாகக் கோடையைக் கழித்தவன், அண்டைப் பண்ணைக்காரனுக்குப் பணம் வந்து தனக்கு வராதபோதுதான் விசாரிக்கப் புறப்பட்டான். "உம்முடைய மனு எங்கள் கோப்பில் இல்லையே" என்றார் மானிய ஆபீஸ் குமாஸ்தா. கோப்பில் இல்லையென்பது கோப்பின் வறுமைக்குச் சாட்சியமேயன்றி, அவன் அனுப்பவில்லை என்பதற்குச் சாட்சியம் ஆகாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கான உறைகளைப் பிரிக்கும் ஆபீசில் ஓர் உறை தவறாது என்று யார் சத்தியம் செய்வார்? ஆனால் கேட்பவன் அவன், ருசுச்சுமையும் அவனுடையதே.

2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட விவசாய மேல்முறையீட்டு ஆபீசுக்கு மூன்று மாதத்துக்குள் அவன் எழுதலாம். நேரில் விசாரணையும் கேட்கலாம். ஆயினும் அங்கே அமர்ந்திருப்பவர் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர், இரங்கிப் பணம் கொடுக்க அதிகாரம் பெற்றவரல்லர். "மனைவிதான் ஸ்டாம்பு ஒட்டினாள்" என்ற வாக்குமூலம் எவ்வளவு உண்மையானாலும், தேதி முத்திரையும் எண்ணும் கொண்ட அந்த மெல்லிய பதிவுத்தபால் ரசீதுக்கு ஈடாகாது. அந்த ரசீதும் உறை சென்றதைத்தான் சொல்லும். உள்ளே இருந்தது மனுவா, மாட்டு வைத்தியரின் பில்லா என்று சொல்லாது. ஆதலால் நகலொன்றை ரசீதோடு சேர்த்துக் குத்திவைப்பவனையே நான் புத்திசாலி என்பேன். அவனை நம்பிக்கையற்ற கருமி என்று பரிகசிப்பவர்கள் பரிகசித்துக்கொள்ளட்டும்.

2018 முதல் இந்த மனுக்களைக் கம்ப்யூட்டர் வழியாகவே அனுப்பவேண்டுமென்றாகிவிட்டது. இனித் தபாற்பெட்டியின் மாயை ஒழிந்ததென்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு அந்தச் சந்தோஷமில்லை. படிவத்தைப் பாதி நிரப்பிச் சேமித்ததையே அனுப்பியதாக எண்ணி எழுந்து போகிறவனுக்கும், அந்தப் பழைய பெட்டியின் வாயில் கைவிட்டு உறை உள்ளே விழுந்த ஓசையைக் கேட்டுத் திரும்பியவனுக்கும் என்ன வித்தியாசம்?