உடம்பெல்லாம் எலும்பு வலி... பாஸ்பரஸ் பார்த்தீர்களா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. மூன்று வருடங்களாக விலா, இடுப்பு, பாதம் என்று இடம் மாறி மாறி வலி. இப்போதெல்லாம் தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடிவதில்லை. மாடிப்படி ஏறவே பயப்படுகிறார். நடக்கும்போது இரண்டு பக்கமும் ஆடி ஆடி நடக்கிறார். முதலில் வாதம் என்றார்கள், பிறகு டிஸ்க் பிரச்னை என்றார்கள். கால்சியம், வைட்டமின் டி மாத்திரை எல்லாம் சாப்பிட்டாயிற்று. ரத்தத்தில் கால்சியம் நார்மல்தான். இப்போது, 'எல்லாம் மனசுதான் காரணம்' என்கிறார்கள். இனி எதைத்தான் பார்ப்பது டாக்டர்?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி, 'கையை ஊன்றாமல் எழ முடிவதில்லை' என்பதுதான். எலும்பு வலியோடு தொடை, இடுப்புத் தசைகளின் பலவீனமும் சேர்ந்து வந்தால், மனதைக் குறை சொல்வதற்கு முன் ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவைப் பார்க்க வேண்டும். நேரில் பரிசோதிக்காமல், அவருக்கு இந்த நோய்தான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால், இந்தப் பரிசோதனை விட்டுப்போயிருந்தால் அதை நீங்களே கேட்டுச் செய்துகொள்ளலாம். செலவும் அதிகம் இல்லை.

கால்சியம் மட்டும் போதாதா?

எலும்பு என்றதும் நமக்குக் கால்சியம்தான் நினைவுக்கு வரும். வீடு கட்ட சிமென்ட் மட்டும் இருந்தால் போதுமா? மணலும் வேண்டுமே! எலும்பின் புரதச் சட்டகத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிந்தால்தான் அது இறுகும். பாஸ்பேட் குறைந்தால் எலும்பு இறுகாமல் மெத்தென்று ஆகிவிடும். இதற்கு 'ஆஸ்டியோமலேசியா' என்று பெயர். இதுவே குழந்தைகளுக்கு வந்தால் ரிக்கெட்ஸ். தசைகள் இயங்கவும் பாஸ்பேட் தேவை என்பதால்தான் பலவீனமும் சேர்ந்துகொள்கிறது.

பலருக்கு இதன் முக்கியக் காரணம் வைட்டமின் டி குறைபாடுதான். அதைச் சரிசெய்தால் குணமாகிவிடும். அதற்குப் பிறகும் வலி தொடர்கிறவர்களிடம்தான் அரிதான காரணங்களைத் தேட வேண்டும்.

எங்கே தவறிப்போகிறது?

எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேனில் இதுவும் சாதாரண எலும்புத் தேய்மானமும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் தேய்மானத்துக்கான மருந்தைக் கொடுத்துவிடுவது உண்டு. எலும்பு இறுகாத நிலையில் அந்த மருந்து நிலைமையை மோசமாக்கலாம். விலா எலும்புகளில் ஏற்படும் நுண்ணிய முறிவுகள் எலும்பு ஸ்கேனில் பல இடங்களில் பளிச்சென்று தெரிவதால், புற்றுநோய் பரவிவிட்டதோ என்று குடும்பமே கலங்கிப்போவதும் நடக்கிறது.

என்னென்ன பார்க்க வேண்டும்?

காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து பாஸ்பரஸ், கால்சியம், அல்கலைன் பாஸ்படேஸ், கிரியேட்டினின், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு பாஸ்பரஸ் பொதுவாக டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்கும். குழந்தைகளுக்கு இதைவிட அதிகமாக இருக்க வேண்டும். கால் வளைந்த குழந்தையின் ரிப்போர்ட்டைப் பெரியவர்களின் அளவோடு ஒப்பிட்டு 'நார்மல்' என்று விட்டுவிடக் கூடாது.

பாஸ்பரஸ் குறைவு என்று தெரிந்தால், அது சிறுநீரில் வீணாகிறதா என்று அடுத்து பார்ப்போம். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கேட்போம். மஞ்சள் காமாலை பி வைரஸுக்குக் கொடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரை, நரம்பில் ஏற்றும் சிலவகை இரும்புச்சத்து ஊசிகள் போன்றவையும் பாஸ்பரஸைக் குறைக்கலாம். ஆனால், எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி

பரம்பரையாக இல்லாமல், மருந்தும் காரணமாக இல்லாமல், நடுவயதில் புதிதாக பாஸ்பரஸ் வீணாகிறது என்றால், உடலில் எங்கோ ஒளிந்திருக்கும் சிறு கட்டியைத் தேட வேண்டும். இந்தக் கட்டி 'எஃப்ஜிஎஃப் 23' என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அது சிறுநீரகத்திடம் பாஸ்பேட்டை வெளியே தள்ளச் சொல்கிறது. பெரும்பாலும் இது புற்றுநோய்க் கட்டி அல்ல. பாதம், தொடை, தாடை, மூக்கின் சைனஸ் என்று எங்கு வேண்டுமானாலும் இருக்கும். வலியே இல்லாததால் நோயாளிக்கும் தெரியாது.

1959-ல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரியா பிராடர் என்ற மருத்துவர், ரிக்கெட்ஸ் வந்த 11 வயதுச் சிறுமியின் விலாவில் இருந்த கட்டியை அகற்றியதும் நோய் குணமானதைப் பதிவுசெய்தார். நோய்க்குக் கட்டிதான் காரணம் என்பது அப்போதுதான் புரிந்தது. காரணமான ஹார்மோனைக் கண்டுபிடிக்க மேலும் 40 ஆண்டுகள் ஆயின.

இன்று 'காலியம் டோட்டாடேட்' பெட் ஸ்கேன் மூலம் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை இந்தக் கட்டியைத் தேட முடியும். வேலூர் சிஎம்சி உட்பட பெரிய மருத்துவமனைகளில் இந்த வசதி இருக்கிறது. ஸ்கேன் எடுக்கும்போது பாதமும் கைகளும் சேர்ந்திருப்பது அவசியம். பெட் ஸ்கேன் பல நேரங்களில் தொடையோடு நின்றுவிடும்.

கட்டியைக் கண்டுபிடித்து முழுமையாக அகற்றினால், சில நாள்களிலேயே பாஸ்பரஸ் உயரத் தொடங்கும். வலி வாரக்கணக்கில் குறையும். எலும்பு இறுகப் பல மாதங்கள் ஆகும். வீல்சேரில் வந்தவர்கள் எழுந்து நடக்கும் அளவுக்குப் பலன் தரும் சிகிச்சை இது. கட்டி கிடைக்காவிட்டாலும், அகற்ற முடியாத இடத்தில் இருந்தாலும், பாஸ்பேட் மருந்தைத் தினமும் பல வேளைகளாகப் பிரித்து, கால்சிட்ரியாலுடன் கொடுப்போம். அளவு கூடினால் சிறுநீரகத்தில் கால்சியம் படியும் என்பதால் தொடர் கண்காணிப்பு வேண்டும். அந்த ஹார்மோனையே தடுக்கும் புரோசுமாப் ஊசிக்கு, இந்த நோய்க்காக 2020-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. விலைதான் மிக அதிகம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது...

பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் எடுத்து வைத்து, 'பாஸ்பரஸ்' என்ற வரி எதிலாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பரிசோதித்துக்கொண்டு, நாளமில்லாச் சுரப்பி நிபுணர் அல்லது மூட்டுவாத நிபுணரிடம் செல்லுங்கள். ஈறு, பாதம், தொடை என்று எங்கேனும் சிறு வீக்கம் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள். அதுவரை அதிக டோஸ் வைட்டமின் டி ஊசிகளை மேலும் மேலும் போட வேண்டாம். கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த எலும்புகள் எளிதில் முறியும்.

பாஸ்பரஸ் நார்மல் என்று வந்தால், தசை நோய்கள், தைராய்டு பிரச்னை, முதுகெலும்பை இறுக்கும் வாதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். மூன்று வருட வலியில் மனச்சோர்வும் வந்திருக்கலாம். மனநல மருத்துவரின் உதவி அதற்குத் தேவைதான். ஆனால், எழுந்து நிற்க முடியாததற்கான காரணத்தைத் தேடுவதை அதற்காக நிறுத்திவிடக் கூடாது. ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள்.