மேல்படிப்பு என்றால் செலவு மட்டும்தானா?

நான் பிளஸ் 2 வரை படித்த இல்லத்தரசி. வயது 34. எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால், பெண் பிள்ளைகளைப் பெற்ற நாலு பேருக்காவது உபயோகப்படுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கடைசி நாத்தனார் எம்.எஸ்சி., இயற்பியல் முடித்தவள். மேற்கொண்டு 'மெட்டீரியல் சயின்ஸ்' படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "அது என்னடி படிப்பு?" என்று கேட்டேன்.

"மதினி, இரும்புத் தோசைக்கல்லு துருப்பிடிக்குது, எவர்சில்வர் தட்டு பிடிக்க மாட்டேங்குதே, ஏன்? அதுல குரோமியம் கலந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாத படலமா மேல படிஞ்சு காப்பாத்துது. இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஏன் இந்தக் குணம், அதை எப்படி மாத்தலாம்னு படிக்கிறதுதான்" என்றாள். பதினாலு வருஷமாகத் தட்டு கழுவுகிறேன், எனக்கு இது தெரியாமல் போச்சே!

மாமனார் பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறவர். வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து, "வீட்டுப் பத்திரத்தைக் கொடுங்க, 30 லட்சம் லோனுக்கு ஏற்பாடு பண்றேன்" என்றார். மாமா பயந்துபோய், "படிச்சது போதும், மாப்பிள்ளை பாருங்க" என்று சொல்லிவிட்டார். அவளும் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசியில், அவளுடைய பேராசிரியைதான் வழி சொன்னார். 'கேட்' தேர்வில் தேறி, அந்த மதிப்பெண்ணை வைத்து ஐ.ஐ.டி., என்.ஐ.டி., போன்ற இடங்களில் எம்.டெக்., சேர்ந்தால், 2 வருடத்துக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டாம். பதிலுக்கு, வாரம் 8 மணி நேரம் ஆய்வுக்கூடத்தில் உதவுவது, விடைத்தாள் திருத்துவது போன்ற வேலை பார்க்க வேண்டும். இயற்பியல், வேதியியல் படித்தவர்களையும் சேர்த்துக்கொள்கிற மெட்டீரியல்ஸ் துறைகள் இருக்கின்றன. 'கேட்' விண்ணப்பக் கட்டணம் பெண்களுக்குப் பாதிதான். வாங்கிய மதிப்பெண் 3 வருடம் செல்லும். அதற்குமேல் பிஎச்.டி., சேர்ந்து ஜே.ஆர்.எப்., கிடைத்தால், 2023 ஜனவரியில் உயர்த்தியபடி மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து 42,000.

அந்த ஏஜென்ட் சொல்லாத இன்னொரு விஷயமும் தெரிந்தது. அமெரிக்காவில் எம்.எஸ்., படிக்கத்தான் பெரும்பாலும் நம் கைக்காசு போகும். பிஎச்.டி., என்றால் பல பல்கலைக்கழகங்கள் கட்டணத்தையும் ஏற்று, செலவுக்கும் பணம் தருகின்றன. இது தெரியாமல் வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக் கொடுத்திருந்தால் எங்கள் கதி என்ன?

கைக்காசே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அவளுக்கு இடம் கிடைத்ததும் முதல் பருவக் கட்டணம், ஹாஸ்டல் பணம் எல்லாம் உடனே கட்ட வேண்டியிருந்தது. என் ரெண்டு வளையலை அடகு வைத்தோம். உதவித்தொகை மூன்றாவது மாதம்தான் வந்தது. பிறகு, அவளே மிச்சம் பிடித்து அனுப்பி வளையலை மீட்டுக் கொடுத்தாள். "ரெண்டு வருஷம் போனா வரன் தட்டிப் போயிருமே" என்று புலம்பிய அத்தை, இப்போது கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம்மவளுக்கு கவர்மென்டு பணம் கொடுத்துப் படிக்க வைக்குது" என்று பெருமை பேசுகிறார்!

எனக்கும் பிளஸ் 2வில் 1200க்கு 940 மார்க். 'காசு இல்லை' என்று நிறுத்திவிட்டார்கள். நிஜமாகவே வழி இல்லையா, அல்லது யாரும் விசாரிக்கவில்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதுதான் மனசை அறுக்கிறது.

கல்யாண மண்டபத்துக்கும், சமையல்காரருக்கும் பத்து இடத்தில் விசாரிக்கிறோம். பெண்ணின் படிப்புக்கு ஓர் இடத்தில் கூட விசாரிக்காமல், 'நமக்குக் கட்டுப்படியாகாது' என்று கதவைச் சாத்திவிடுகிறோம். 'கேட்' விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலும், தேர்வு பிப்ரவரியிலும் வரும். மகள் கடைசி வருடம் படிக்கும்போதே அவளுடைய ஆசிரியர்களைப் போய்ப் பாருங்கள். இங்கிலீஷ் தெரியவில்லை என்று கூச்சப்பட வேண்டாம். என் மாமாவும் வேட்டி சட்டையோடு போய்த்தான் விசாரித்து வந்தார்.

பெற்றோரே, 'முடியாது' என்று சொல்வதற்கு முன், ஒருமுறை விசாரிப்பீர்களா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர்.