ஜிம்பாப்வே வந்ததால் பாகிஸ்தானுக்கு என்ன கிடைத்தது?

பத்து நாள், ஐந்து ஆட்டம், ஒரே மைதானம். 2015 மே மாதம் ஜிம்பாப்வே அணி லாகூர் கடாஃபி மைதானத்தில் ஆடிய தொடரின் மொத்தக் கணக்கு இவ்வளவுதான். நான்கில் பாகிஸ்தான் ஜெயித்தது; ஐந்தாவது மழையில் போனது. ஸ்கோர்கார்டை மட்டும் பார்த்தால், 'இதுல பேச என்ன இருக்கு?' என்றுதான் கேட்கத் தோன்றும். ஆனால், பாகிஸ்தான் மண்ணில் சர்வதேச கிரிக்கெட் உயிர்பிழைத்த கதை இந்தச் சின்னத் தொடரில்தான் தொடங்குகிறது.

ஆறு வருடம் ஏன் யாரும் வரவில்லை?

2009 மார்ச் 3. லாகூர் டெஸ்ட்டின் மூன்றாம் நாள் ஆட்டத்துக்குக் கிளம்பிய இலங்கை அணியின் பேருந்தைத் தீவிரவாதிகள் சுட்டார்கள். காவலர்கள் ஆறு பேரும் பொதுமக்கள் இருவரும் உயிரிழந்தார்கள். சமரவீராவின் தொடையில் குண்டு பாய்ந்தது. நம்ம முத்தையா முரளிதரனும் அந்தப் பேருந்தில்தான் இருந்தார்.

அதன் பிறகு பெரிய அணிகள் எதுவும் பாகிஸ்தான் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 'சொந்த மண்' ஆட்டங்கள் துபாய், அபுதாபி, ஷார்ஜாவுக்குப் போயின. 56 டெஸ்ட்களுக்குத் தலைமை தாங்கிய மிஸ்பா உல் ஹக், கேப்டனாக ஒரு டெஸ்ட்கூட சொந்த நாட்டில் ஆடவில்லை. டிக்கெட் வருமானம் போனதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஒரு தலைமுறைச் சிறுவர்கள் தங்கள் நாயகர்களை டிவியில் மட்டுமே பார்த்து வளர்ந்தார்கள்.

ஏன் சின்னத் தொடர்?

ஒரு ஊர், ஒரு ஓட்டல், ஒரு மைதானம் என்றால் பாதுகாப்பு கொடுப்பது சுலபம். ஊர் ஊராகப் போகும் டெஸ்ட் தொடருக்கு அப்போது யாரும் சம்மதித்திருக்க மாட்டார்கள். அந்த ஐந்து ஆட்டங்களுக்கே ஐசிசி தன் நடுவர்களை அனுப்ப மறுத்துவிட்டது. இரண்டாவது ஒருநாள் போட்டி நடந்த இரவில் மைதானத்துக்கு அருகே குண்டு வெடித்து, போலீஸ் அதிகாரி ஒருவர் இறந்தார். அப்படியும் ஜிம்பாப்வே பாதியில் கிளம்பவில்லை.

மழையில் போன அந்தக் கடைசி ஆட்டத்தில் லாகூர் பையன் ஒருவர் முதல்முறையாகப் பாகிஸ்தானுக்காக ஆடி 54 ரன் எடுத்தார். பெயர் பாபர் ஆஸம். அரங்கேற்றம் சொந்த ஊரில், சொந்த மக்கள் முன்னால். அவருக்கு முந்தைய ஆறு வருடங்களில் அறிமுகமான பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

அடுத்து என்ன நடந்தது?

படிப்படியாகத்தான் எல்லாம் நடந்தது. 2017 செப்டம்பரில் உலக லெவன் அணி மூன்று டி20 ஆடியது. அக்டோபரில், அடிபட்ட அதே இலங்கை, அதே லாகூரில் ஒரே ஒரு டி20 ஆட வந்தது. 2018இல் வெஸ்ட் இண்டீஸ் கராச்சிக்கு வந்தது. 2019இல் முன்னணி வீரர்கள் பத்துப் பேர் வர மறுத்தும், இலங்கை இளம் அணியை அனுப்பி டி20 தொடரை 3-0 என வென்றது. அந்த டிசம்பரில் ராவல்பிண்டியில் டெஸ்ட் கிரிக்கெட்டும் திரும்பியது. ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் வந்ததோ 2022இல்தான்.

வரிசையைக் கவனியுங்கள். ரிஸ்க் எடுத்தது சின்ன வாரியங்கள். பாதை பத்திரமானது என்று தெரிந்த பிறகு வந்தது பெரிய வாரியங்கள். ஆனால் ஐசிசி வருமானத்தில் பெரிய பங்கு யாருக்குப் போகிறது? ஆட்ட அட்டவணையில் ஓரத்தில் ஒதுக்கப்படுவது யார்? பதில் எல்லோருக்கும் தெரியும். இது நியாயமில்லை.

அப்படியானால் எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. 2021 செப்டம்பரில் ராவல்பிண்டி வரை வந்த நியூசிலாந்து, முதல் ஆட்டம் தொடங்க வேண்டிய அன்றைக்கே பாதுகாப்பைக் காரணம் காட்டித் தொடரை ரத்து செய்தது. வருடக்கணக்கில் சேர்த்த நம்பிக்கை ஒரே நாளில் ஆட்டம் கண்டது. 1996க்குப் பிறகு பாகிஸ்தானுக்குக் கிடைத்த முதல் ஐசிசி தொடரான 2025 சாம்பியன்ஸ் டிராபியிலும், இந்தியா தன் ஆட்டங்களைத் துபாயில் ஆடியதால் இறுதிப்போட்டி அங்கேதான் நடந்தது.

சின்னத் தொடர் ஒரு நாட்டின் கிரிக்கெட்டை முழுசாகக் குணப்படுத்திவிடாது. அடுத்த அணி 'சரி, நாங்களும் வர்றோம்' என்று சொல்ல ஒரு காரணத்தைக் கொடுக்கும். அந்தக் காரணத்தை முதலில் கொடுத்தது ஜிம்பாப்வே. அந்த நாட்டுக்கு முன்னணி அணிகள் அடிக்கடி போய் ஆடுவதுதான் கிரிக்கெட் உலகம் செய்யக்கூடிய உருப்படியான கைம்மாறு.