யுத்தக் கப்பலின் கேடயம் யாருக்கு?

2023 டிசம்பரில் செங்கடலில் ‘காவல் நடவடிக்கை’ ஒன்றை அமெரிக்க ஏகாதிபத்தியம் தொடங்கியது. இனி சரக்குக் கப்பல்களுக்குப் பயமில்லை, யுத்தக் கப்பல்கள் துணை இருக்கின்றன என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் தம்பட்டம் அடித்தன. தோழர்களே, நாம் கேட்கிறோம்: அந்தக் கேடயம் யாரைக் காக்கிறது?

இதற்குப் பதில் 1982-லேயே கிடைத்துவிட்டது. தென் அட்லாண்டிக் கடலிலுள்ள பாக்லாந்து (மால்வினாஸ்) தீவுகளுக்காக, தாட்சரின் பிரிட்டிஷ் சர்க்காரும் அர்ஜென்டினாவின் ராணுவச் சர்வாதிகாரிகளும் மோதிக்கொண்டார்கள். சுமார் 8,000 மைல் தூரத்துக்குப் படையும் தளவாடமும் போயாக வேண்டும். கடற்படையின் கப்பல்கள் போதவில்லை. குனார்டு கம்பெனியின் ‘அட்லாண்டிக் கன்வேயர்’ போன்ற சரக்குக் கப்பல்களையும், அவற்றில் வேலை செய்த மாலுமிகளையும் யுத்தத்துக்கு இழுத்தார்கள்.

அர்ஜென்டினாவின் கையில் ‘எக்ஸோசெட்’ ஏவுகணை இருந்தது. அது அலைகளுக்குச் சில மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய ஒலியின் வேகத்தில் பாய்ந்து வரும். அதன் மூக்கிலுள்ள ராடார்தான் கப்பலைத் தேடும் கண். அதனிடமிருந்து தப்ப யுத்தக் கப்பலுக்கு மூன்று வழி உண்டு. எதிர் ஏவுகணை விட்டு வீழ்த்தலாம். அது தவறினால், நெருங்கி வரும்போது பீரங்கியால் சுடலாம். மூன்றாவது வழி ஏமாற்று. உலோகப் பூச்சுள்ள மெல்லிய இழைகளை வானில் மேகமாக வீசுவார்கள். ஏவுகணை அந்த மேகத்தைக் கப்பலென்று நம்பி அதை நோக்கிப் போகும். இதற்கு இங்கிலீஷில் ‘சாஃப்’ என்று பெயர். நம் களத்துமேட்டு மொழியில் சொன்னால், பதர்!

1982 மே 4-ந் தேதி, படைக்குக் காவலாக நின்ற ‘ஷெபீல்டு’ யுத்தக் கப்பலுக்குப் பதர் வீசக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. 20 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் ஹாங்காங்கிலிருந்து வந்த சலவைத் தொழிலாளி.

மே 25-ந் தேதி மீண்டும் இரண்டு ஏவுகணைகள் வந்தன. இம்முறை யுத்தக் கப்பல்கள் விழித்துக்கொண்டு பதர் வீசின. தந்திரம் பலித்தது. ஆனால் ஏமாந்த ஏவுகணை செத்துவிடுவதில்லை. மேகத்தைக் கடந்து, அடுத்த இலக்கைத் தேடுகிறது. அதன் கண்ணில் பட்டது ‘அட்லாண்டிக் கன்வேயர்’. அதனிடம் வீசப் பதரும் இல்லை, எதிர்த்து விட ஏவுகணையும் இல்லை. கப்பல் பற்றி எரிந்தது. கேப்டன் இயன் நார்த் உட்பட 12 பேர் பலியானார்கள்.

யுத்தத்தில் இது சகஜம் என்பார்கள் யுத்தப் பிரியர்கள். இல்லை! கேடயம் யாருக்குக் கொடுக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதுதான் கேள்வி. ஆபத்து அழியவில்லை, கேடயமில்லாதவன் தலையில் தள்ளிவிடப்பட்டது. நஷ்டம் வந்தால் ஆலை முதலாளி கூலியில் கை வைப்பதும், பண்ணையார் கூலி நெல்லைக் குறைப்பதும் இதே நியாயம்தான்.

லாபம் அடித்தவர்கள் யார்? எக்ஸோசெட் பிரெஞ்சு ஆயுதக் கம்பெனியின் சரக்கு. அதை அர்ஜென்டினாவும் வாங்கியது. பிரிட்டிஷ் கடற்படையும் வாங்கித் தன் கப்பல்களில் பொருத்தியிருந்தது. ஷெபீல்டு ரகத்தைச் சேர்ந்த யுத்தக் கப்பலை அர்ஜென்டினாவுக்குக் கட்டி விற்றது பிரிட்டன்! வியாபாரிக்கு இரு பக்கமும் வரவு. மக்களுக்கு இரு பக்கமும் பிணம்: பிரிட்டிஷ் தரப்பில் 255, அர்ஜென்டினா தரப்பில் 649.

செங்கடலில் நடந்ததும் இதுவே. அமெரிக்கக் கப்பல்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 லட்சம் டாலர் விலையுள்ள ஏவுகணைகளை விட்டுத் தங்களைக் காத்துக்கொண்டன. ஆனால் 2024 மார்ச் 6-ந் தேதி, ‘ட்ரூ கான்பிடன்ஸ்’ சரக்குக் கப்பலில் 2 பிலிப்பைன்ஸ் மாலுமிகளும் ஒரு வியட்நாம் மாலுமியும் ஏவுகணைக்குப் பலியானார்கள். உயிர் தப்பிய 21 பேரைக் கரை சேர்த்தது நம் நாட்டின் ‘கொல்கத்தா’ கப்பல். காஸாவில் நடக்கும் படுகொலைக்குப் பதிலடி என்று ஹூதிகள் சொன்னார்கள். காஸா மக்களின் பக்கம் நாம் உறுதியாக நிற்கிறோம். ஆனால் கூலிக்குக் கப்பலோட்டும் தொழிலாளி காஸாவின் எதிரியல்ல. காஸாவில் குண்டு நின்றால்தான் கடலில் அமைதி வரும் என்பதை மறைத்து, காவல் கப்பலைக் காட்டியது ஏகாதிபத்தியம்.

மாலுமிக்குக் கிடைத்த ஒரே உண்மையான கேடயம் வேறு. 2024-ல் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கப்பல் முதலாளிகளோடு பேசி, அந்த அபாயக் கடலுக்குப் போக மறுக்கும் உரிமையை ஒப்பந்தமாக எழுதி வாங்கியது. அதைக் கொடுத்தது எந்த அட்மிரலும் அல்ல, சங்கம்! ஆனால் அந்த ஒப்பந்தத்துக்குள் வராத கப்பல்களின் மாலுமிகளுக்கு அதுவும் இல்லை.

எனவே நாம் கோருகிறோம்: யுத்தக் கடலுக்குப் போக மறுக்கும் உரிமை ஒவ்வொரு மாலுமிக்கும் சட்டமாக வேண்டும். பலியானோர் குடும்பத்துக்கு முழு நஷ்டஈடு வேண்டும். ஆயுத வியாபாரிகளின் யுத்தங்களில் இந்தியா சேரக் கூடாது.

அவர்களுடைய யுத்தத்தில் நாம் பதர் அல்ல! உலக சமாதானம் ஓங்குக! தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!